காலாதுங்கியின் கார்பெட் துரை

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் படிப்பாதையில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஆறு பிராயச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்கு இரையான செய்தியை நம்மில் எவரும் மறந்திரார். அதன் பின்னர் தேவஸ்தானத்தார் நடந்து ஏறுவோர் கையில் ஆளுக்கொரு கோல் கொடுத்தனர். 15 வயதுக்குட்பட்ட சிறாரைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் பாதையில் விடலாகாது என்று விதித்தனர். வனத்துறையார் கூண்டு வைத்துச் சிறுத்தைகள் சிலவற்றைப் பிடித்தனர். "இவ்வேளையில் ஒரு கார்பெட் துரை இருந்தால்!" என்று பெரியவர்கள் பெருமூச்செறிந்ததையும் நாம் கேட்டோம். இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதைச் சொல்வதற்கு முன், அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இளைஞர்களுட் பலருக்கு அவர் புலி சுட்ட ஒரு வெள்ளைக்காரர், அவ்வளவே.

நம் வட்டாரத்துக் காடுகளைப் பற்றி எழுதியவர் வேறொருவர் என்பதையும் இவ்விடத்திலேயே கூறிவிடுவோம். பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட தம் முதல் நூலில் சித்தூர் ஜில்லாவின் சாமலாப் பள்ளத்தாக்குப் புலியைப் பற்றியும், பின்னொரு நூலில் மாமண்டூர்ப் புலியைப் பற்றியும் எழுதினார். ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை செல்லும் ரயிலில் போகிறவர்கள் மாமண்டூர் நிலையத்தைக் கடக்கும்போது, ஒரு காலத்தில் அங்குப் புலி உலவிற்று என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டர்சன் நம் காட்டுக்கு உரியவர். அவரைப் பற்றி வேறொரு திங்கள் எழுதுவோம். இன்று நாம் நினைப்பது, போர்முனையும் கண்டு, காட்டையும் கண்டு, கையில் உள்ளதை ஏழைகளுக்கு வாரி வழங்கி வாழ்ந்த ஒரு மலைநகரத்து மனிதரை.

ஜேம்ஸ் எட்வர்ட் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் இமயச் சாரலில் நைனிதால் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் தபால் அதிகாரி. மைந்தருக்கு ஆறு வயதாகும்போதே தந்தையார் காலமானார். குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. கோடைக்கு நைனிதாலும், குளிர்காலத்துக்கு அடிவாரத்திலுள்ள காலாதுங்கியுமாக வளர்ந்த அச்சிறுவனுக்குக் காடே பள்ளிக்கூடமாயிற்று. மானின் அபயக் குரலையும் குரங்கின் எச்சரிக்கையையும் கேட்டே, கண்ணுக்குத் தெரியாத புலி எத்திசையில் நடக்கிறது என்று கூறும் ஆற்றலை அவர் அங்கேதான் பெற்றார்.

இருபது வயதளவில் அவர் கங்கைக் கரையில் மொகாமா காட் என்னும் துறையில் வேலை ஏற்றார். அகலப் பாதை வண்டிகளில் வந்து இறங்கும் சரக்குகளை ஆற்றைக் கடத்தி மீட்டர் பாதை வண்டிகளில் ஏற்றுவிக்கும் ஒப்பந்த வேலை அது. வேலை தொடங்கிய முதல் மாதங்களில் ரயில்வேயிடமிருந்து பணம் வரவில்லை. கூலியாட்கள் ஒரு வேளை உண்டும் உண்ணாமலும் உழைத்தனர். கார்பெட்டும் அவர்களோடு நின்று நிலக்கரி வாரினார். ஒரு நாள் பொறுமை எல்லை கடந்தது. 12,000 ரூபாய் அனுப்பப்பட்டதென்ற உறுதி வராவிடில் மறுநாள் நண்பகலோடு வேலை நின்றுவிடும் என்று அவர் தந்தி அடித்தார். பணம் வந்து சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவர் அத்துறையில் இருந்தார். பின்னாளில் லாபம் வந்தபோது அதில் நூற்றுக்கு எண்பது பங்கு உழைத்தவர்களுக்கும் இருபது தமக்குமாகப் பிரித்துக்கொண்டார். ஊரைவிட்டு ஊர் போய்க் கூலிக்கு நிற்கும் துன்பம் இன்னதென்று நம் இதழைப் படிக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட எசமானர் எத்தனை பேருக்கு வாய்த்தார் என்பதை அவரவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

நிலக்கரி ஏற்றும் கூட்டத்துக்குச் சமாரி என்பவரைத் தலைவராக வைத்திருந்தார் கார்பெட். தீண்டத்தகாதவர் என்று உலகம் ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர் அவர். ஆயினும் பசித்து வந்த எவரையும் தம் வாயிலிலிருந்து வெறுங்கையாகத் திருப்பியதில்லை. வாந்திபேதி கண்டு அவர் மாண்டபோது கார்பெட் அருகில் இருந்தார். காசியிலிருந்து ஒரு கோயிலின் தலைமை அர்ச்சகர் அம்மனிதருக்கு மரியாதை செலுத்த வந்தார் என்று கார்பெட் தம் நூலொன்றில் எழுதிவைத்திருக்கிறார். 1952இல் வெளிவந்த அந்நூலில் புலிகள் மிகக் குறைவு; ஏழை மனிதர்களே நிரம்பியிருக்கின்றனர். நம்மைக் கேட்டால், புலி நூல்களைவிட அதையே முதலிற் படிக்கச் சொல்வோம்.

ஐரோப்பிய யுத்தம் 1914இல் மூண்டபோது, வயது மிகுந்தது என்று அவரைப் பட்டாளத்தில் சேர்க்க மறுத்தனர். 1917இல் ஆட்கள் போதாமற்போகவே அழைத்தனர். குமாவோன் மலையிலிருந்து 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார்; ஒருவர் நீங்கலாக அனைவரையும் உயிரோடு ஊர் கொண்டுவந்து சேர்த்தார். கடலையே கண்டிராத மலைவாசிகளை நம்பி அனுப்பிய தாய்மார்களுக்கு அவர் செய்த கடமை அது. பதக்கங்களைவிட இதுவே பெரிதென்பது நம் எண்ணம். மேஜர் பட்டத்தோடு வசீரிஸ்தானத்திலும் பணியாற்றினார். இரண்டாம் உலக யுத்தத்தில் அறுபத்தைந்து வயதில் மறுபடி முன்வந்தார். 1942இல் உண்ணிக் காய்ச்சல் கண்டு உடல் வற்றி, இனி நடப்பதே அரிது என்று மருத்துவர் கைவிட்ட நிலையிலிருந்து எழுந்தார். பர்மாவுக்குச் செல்லும் படைவீரர்களுக்குக் காட்டில் உயிர் பிழைக்கும் வழிகளைக் கற்பித்தார். எந்தக் காய் உண்ணத்தக்கது, எந்தக் கொடியில் நீர் உண்டு, ஓசையின்றி எவ்வாறு நடப்பது என்பனவெல்லாம் அப்பாடங்கள். லெப்டினன்ட் கர்னல் ஆனது அப்போதுதான். குமாவோன் ஆட்கொல்லிகளைப் பற்றி அவர் எழுதிய முதல் நூல் 1944இல் வெளிவந்தது. அதன் முதற்பதிப்பு வருவாயை, போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களின் நலனுக்குக் கொடுத்துவிட்டார். அந்நூலின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு அமெரிக்கர் ஒரு படம் எடுத்தனர். அதில் புலியின் நடிப்பு ஒன்றே நன்று என்று கார்பெட் கூறினாராம்.

காலாதுங்கியை அடுத்துப் பாழாய்க் கிடந்த சோட்டி ஹல்த்வானி என்னும் கிராமத்தை 1915இல் அவர் வாங்கினார். குடிகளை அமர்த்தினார், பன்றியும் மானும் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். குடிகள் செலுத்த வேண்டிய நிலவரியைத் தாமே செலுத்திவந்தார். காலையில் வீட்டுத் தாழ்வாரத்தில் நோயாளிகள் கூடுவர். தமக்கையார் மாகி மருந்திடுவார். தம்பியும் தமக்கையும் மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தவர்கள். 1947ஆம் ஆண்டில் இருவரும் இந்தியாவை விட்டுக் கென்யா சென்றனர். சென்ற பின்னும் தாம் இறக்கும் வரையில் அந்த நிலவரியை அங்கிருந்து அனுப்பிவந்தார்; நிலம் குடிகளுக்கே சேர்ந்தது.

ஏன் போனார்? சுதந்திர இந்தியாவில் தமக்கு இடமிராது என்று அஞ்சினார். அந்த அச்சம் தேவையற்றது என்றே நாம் கருதுகிறோம். இந்த ஏழைகளை உள்ளங்கை நெல்லிபோல் அறிந்தவர், அவர்கள் கையில் ஆட்சி வருவதை நம்பவில்லை. வைசிராய்களின் வேட்டைக்கும் அவர் ஏற்பாடுகள் செய்துகொடுத்தவரே. இவற்றை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையாகாது. ஆயினும், எழுபத்திரண்டு வயதில் பிறந்த மண்ணைவிட்டுப் போகும் ஒருவரின் மனம் எப்படியிருக்கும் என்பதை ஊர் துறந்து வந்த நாம் ஓரளவு அறிவோம். நியேரி என்னும் ஊரில், சாரணர் தலைவர் பேடன் பவல் முன்பு வாழ்ந்த சிறு வீட்டில் குடியிருந்தார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அங்கேயே காலமானார். 1936இல் அவர் முயற்சியாலும் அமைந்த இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவுக்கு, அவர் மறைந்த பின் அவர் பெயரையே சூட்டியது சுதந்திர இந்தியாதான்.

இனி நம் அலிபிரிக்கு வருவோம். கேதாரத்துக்கும் பத்ரிக்கும் செல்லும் யாத்திரைப் பாதையில், ருத்ரபிரயாகையைச் சூழ்ந்து, 1918 முதல் 1926 வரை ஒரே சிறுத்தை 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் கதவடைப்பு. சத்திரங்களில் யாத்திரிகர் நெருக்கியடித்துக்கொண்டு விழித்திருந்தனர். எத்தனையோ பேர் முயன்று தோற்ற பின், குலாப்ராய் என்னும் இடத்தில் யாத்திரிகர் சத்திரத்துக்கருகே ஒரு மாமரத்தில் இரவிரவாகக் காத்திருந்து, 1926 மே மாதத்தில் கார்பெட் அதைச் சுட்டார். ஆனால் அவர் செய்தது சுடுதல் மட்டுமன்று. அவ்விலங்கு ஏன் அப்படியாயிற்று என்று கேட்டார். 1918இல் விஷக்காய்ச்சல் வந்து மக்கள் மாண்டபோது, எரிக்க ஆளில்லாமல் மலைச்சரிவில் தள்ளிய பிணங்களைத் தின்றே சிறுத்தை மனித இறைச்சிக்குப் பழகியது என்று எழுதினார். அதற்கு முன், 1907இல், 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வாயைத் திறந்து பார்த்தபோது, பழைய குண்டொன்றினால் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்ததைக் கண்டார். அப்புலியைத் தேடிப் போகுமுன் அவர் சர்க்காருக்கு விதித்த நிபந்தனை இரண்டு: பரிசுத்தொகையை ரத்து செய்ய வேண்டும்; மற்ற துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். காசுக்காகக் கொல்பவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பிறர் குண்டு தம்மேல் பாயலாம் என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது, அது நியாயந்தானே!

ஆகவே அவர் இன்று அலிபிரியில் நின்றாரேல், துப்பாக்கியை எடுக்குமுன் பாதையோரத்தைத்தான் பார்த்திருப்பார் என்று நாம் எண்ணுகிறோம். நாம் எறிந்த சோற்றுப் பொட்டலமும், அதைத் தின்ன வரும் நாயும் பன்றியும், அவற்றைத் தொடர்ந்து வரும் சிறுத்தையும் அவர் கண்ணுக்குத் தப்பியிரா. குழந்தையை முன்னே ஓடவிட்டுப் பின்னே பேசிக்கொண்டு நடக்கும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். பத்தில் ஒன்று குற்றம் செய்ததென்று பத்தையும் கொல்வதற்கு மட்டும் அவர் உடன்பட்டிரார்; உரிய விலங்கு அதுதானா என்று தெளிவதற்காகவே வாரக்கணக்கில் உறங்காதவர் அவர்.

ருத்ரபிரயாகைச் சிறுத்தை மாண்டு பதினாறு ஆண்டுகள் கழிந்தபின் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். 1942இல் மீரட் நகரில், போரில் காயமுற்ற வீரர்களுக்கு ஒரு தோட்ட விருந்து நடந்தது. அங்கே கட்வாலைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், ஊன்றுகோல்களோடு அமர்ந்திருந்தவன், இவர் இன்னாரென்று அறிந்ததும் முகம் மலர்ந்தான். சிறுத்தை மாண்ட நாளில் அவன் சிறுவன். வீடு தொலைவு, நடக்க இயலவில்லை, தந்தையாருக்கோ சுமந்து செல்ல வலுவில்லை. தந்தையார் மட்டும் போய் அதைப் பார்த்துவந்து கூறிய கதையைக் கேட்டு அவன் வளர்ந்திருந்தான். தான் பொருத போர்களைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் தந்தையாரிடம் கார்பெட் சாகிபைக் கண்ணாரக் கண்டதைச் சொல்வேன் என்றான். அச்சிறுத்தை மாண்டதன் நினைவாக ஆண்டுதோறும் கூடும் திருவிழாவுக்கு யாரேனும் தன்னைச் சுமந்து சென்றால், அங்கு வரும் எல்லாரிடமும் அவரோடு பேசியதையும் சொல்வேன் என்றான்.