எக்ஸ்எம்எல்லும் எங்க ஊர் முகவரியும்

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புற வேலை என் தலையில் விழுந்தது. முகவரிகளை எல்லாம் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் போட்டு வைத்தேன். ஆளுக்கு ஒரு பதிவு. அதில் பெயர், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், பின்கோடு. எல்லாம் ஒரே மட்டத்தில், வரிசையாக. நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு, "எக்ஸ்எம்எல்னாலே மரம்டா. மாநிலத்துக்குள்ள மாவட்டம், அதுக்குள்ள ஊர்னு அடுக்காம, இது என்ன மளிகைச் சிட்டையா?" என்றான்.

அடுக்கலாம்தான். ஆனால் எங்க ஊர் திருமலைராயன்பட்டினம் ஆயிற்றே!

அரசாங்கக் கணக்கில் நாங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசம், காரைக்கால் மாவட்டம். புதுச்சேரி நகரமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் தமிழ்நாடு. தபால் கணக்கில் எங்கள் பின்கோடு 609-இல் தொடங்கும். மயிலாடுதுறைக்கும் அதே 609தான், புதுச்சேரிக்கு 605. நேரில் போய்ப் பத்திரிகை வைப்பதென்றால் நாங்கள் நாகூரோடு சேர்த்தி. பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான், ஆனால் அது தமிழ்நாடு, பின்கோடு 611. எங்களுக்கு மட்டும் இந்தக் கூத்து இல்லை. மாஹேக்குக் கோழிக்கோட்டைப் போல 673, ஏனாமுக்குக் காக்கிநாடாவைப் போல 533.

மரத்தில் ஒரு கிளைக்கு ஒரே ஒரு தாய்க்கிளைதான் இருக்க முடியும். அடுக்கியே சேமித்தால் மூன்று உறவில் ஒன்றை மட்டும் நிரந்தரமாக்கிவிடுகிறோம். அதனால் என் கட்சி இதுதான்: சேமிப்பது தட்டையாகவே இருக்கட்டும். அடுக்குகிற வேலையை ஸ்டைல்ஷீட் பார்த்துக்கொள்ளும்.

1999-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் குழு சேர்க்கத் தனிக் கட்டளை கிடையாது. ஸ்டீவ் மூயன்ச் பெயரால் வழங்கும் உத்திதான் கைகொடுத்தது. எதை வைத்துக் குழு பிரிப்பது என்று ஒரு கீ அறிவிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பதிவையும் 'உன் குழுவில் நீதான் முதல் ஆளா?' என்று ஜெனரேட்-ஐடி கொண்டு கேட்க வேண்டும். முதல் ஆள் வரும்போது மட்டும் குழுவுக்கான எலிமெண்டைத் திறந்து, அதே கீயால் மற்றவர்களை உள்ளே அழைக்கலாம். வீட்டுக்கு மூத்தவரைக் கூப்பிட்டால் மொத்தக் குடும்பமும் பந்திக்கு வருகிற மாதிரி.

ஊருக்குள் தெருவாரியாகப் பிரிக்கும்போது நான் சறுக்கினேன். தெருவின் பெயரை மட்டும் கீயாக வைத்திருந்தேன். மேலத்தெரு இல்லாத ஊர் டெல்டாவில் உண்டா? கீ என்பது கோப்பு முழுவதற்கும் பொது. எல்லா ஊர் மேலத்தெருக்காரர்களும் முதலில் வந்த ஊருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள், மற்ற ஊர்களில் மேலத்தெருவே காணோம்! ஊரையும் தெருவையும் கான்கேட் போட்டு, நடுவில் ஒரு கோடு வைத்து ஒட்டிய பிறகுதான் சரியானது. 2007-இல் வந்த 2.0-இல் ஃபார்-ஈச்-குரூப் இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. உலாவிகள் 1.0-ஓடு நின்றுவிட்டதால் சாக்ஸன் போன்ற தனி மென்பொருள் வேண்டும்.

புத்தகம் என்றால் பேச்சு வேறு. அத்தியாயத்துக்குள் பத்தி இருப்பது அதன் பிறவிக்குணம், அதை அடுக்கியே வைக்கலாம். முகவரி அப்படியா?

கடைசியில் ஒரே கோப்பு, இரண்டு ஸ்டைல்ஷீட். தபாலுக்குப் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம் கீ. நேரில் வைப்பதற்கு, 'வழி' என்று பதிவில் கூடுதலாகச் சேர்த்த ஒரு புலம் கீ. அந்த இரண்டாவது பட்டியலில் நாங்களும் நாகூரும் ஒரே தலைப்பின் கீழ் வந்தோம். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.