பாரம்பரியம், ஓர் இரவுக்கு

புதுச்சேரியின் பாரம்பரிய விடுதிகளைப் பற்றி யார் முணுமுணுத்தாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: அவர்கள் வாங்கிப் புதுப்பிக்காமல் போயிருந்தால் அந்த வீடுகள் இந்நேரம் அடுக்குமாடிகளாகியிருக்கும். மறுப்பதற்கில்லை. 2014 நவம்பர் மழையில் கடற்கரையோரத்து மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது பொதுப் பராமரிப்பின் லட்சணத்தை ஊரே பார்த்தது. பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட பழைய மாளிகையொன்றைச் சுண்ணாம்பும் தேக்குமாகத் தூக்கி நிறுத்துகிறவர், ஓர் இரவுக்கு எங்கள் தெருவின் ஒரு மாத வீட்டு வாடகையைக் கேட்பது அவர் பாடு. என் வழக்கு சுவர்களைப் பற்றியதல்ல. அவற்றுக்குள் பரிமாறப்படும் கதையைப் பற்றியது.

அந்தக் கதையில் கடலோரமாக ஒரு பிரெஞ்சு நகரம் இருக்கிறது. காகிதப்பூ படர்ந்த மஞ்சள் மதில், மிதிவண்டி, ரொட்டி மணம். அறைகளுக்கு ஆளுநர்களின் பெயர்கள். துய்ப்ளே, ஏதோ ரசனைமிக்க பெரியப்பாவைப் போலச் சட்டத்துக்குள்ளிருந்து பார்க்கிறார். 1748 முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது அவர் ஆட்சியில்தான். அந்த நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து தமிழர்கள் அடிமைகளாக மஸ்கரேன் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கோயில் இடிந்ததையும், அடிமை வணிகத்துக்காக ஆள் பிடித்ததையும் எழுதி வைத்தவர் துய்ப்ளேயின் துபாஷான ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை, தமிழில். வரவேற்பறையில் தரும் வழவழப்பான கையேட்டில் இதில் ஒரு வரியும் கிடையாது.

'பிரெஞ்சு வீடு' என்ற சொல்லையே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். அங்கே நாம் இன்று வியந்து படமெடுப்பவை அதற்குப் பிறகு எழுந்தவை. உத்தரங்களின்மேல் செங்கலைச் சாய்வரிசையில் நிறுத்திச் சுண்ணாம்பால் கட்டிய கூரைகள், கண்ணாடிபோல் இழைத்த சுவர்ப்பூச்சு எல்லாம் உள்ளூர்க் கொத்தனார்களின் கைகள் செய்தவை. வரைபடம் பாரீசைப் பார்த்திருக்கலாம். கரணை தமிழ் பேசியது.

இனி சாப்பாட்டு மேசை. இந்த ஊரின் கிரியோல் சமையல் உண்மையானது, சுவையானது; பல தலைமுறைகளாகக் குடும்பங்களின் அடுப்படியில் பிறந்தது. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் தங்கிய விடுதியின் உணவுப் பட்டியலில் வஞ்சிரத் துண்டுக்குப் பக்கத்தில் 'வதுவான் சாஸ்' என்றிருந்தது. அபூர்வமான பிரெஞ்சு மசாலா என்று கீழே விளக்கம் வேறு. வதுவான் என்பது நம் வடகம். வடவம் என்றும் சொல்வோம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து, கறிவேப்பிலை எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருட்டி, கோடை வெயிலில் நாள்கணக்காகக் காயவைப்பது. மொட்டைமாடியில் காக்கை விரட்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த சரக்கு. அது கடல் கடந்து பெயர் திரிந்து, சீமைச் சரக்காகத் திரும்பி வந்து நம்மிடமே விலை போகிறது. பரிமாறிய இளைஞர் அரியாங்குப்பத்துக்காரர். "இது வடகம்தானே, தம்பி?" என்றேன். குரலைத் தாழ்த்தி, "ஆமாங்க சார். ஆனா அப்படிச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

ஒரு பிள்ளை தன் வீட்டுப் பண்டத்தின் பெயரைத் தன் ஊரிலேயே தணிந்த குரலில் சொல்ல நேர்வதைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று அழைக்க என்னால் ஆகாது.

நூலக மூலையையும் பார்த்தேன். 'லைஃப் ஆஃப் பை' இரண்டு பிரதிகள், பாரீசின் ஒயின்கள் பற்றிக் கனத்த படப்புத்தகங்கள். பிள்ளையின் நாட்குறிப்பைக் கொண்டு பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்' இல்லை. 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'வானம் வசப்படும்' இல்லை. பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்த ஊர் இது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. தமிழ் வாசிக்கும் விருந்தாளி வரக்கூடும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஒருகாலத்தில் 'கறுப்பர் நகரம்' எனப்பட்ட பகுதியிலும் இப்போது இத்தகைய விடுதிகள் உண்டு. அங்கே தமிழ் வீடுதான் விற்பனைப் பொருள்: திண்ணை, தாழ்வாரம், முற்றம். எனினும் நான் பார்த்த ஒன்றில் திண்ணையின் குறுக்கே தடித்த சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் சீருடைக் காவலர். வெயிலுக்கு ஒதுங்க வந்த பூக்காரம்மாள் ஒருவரை அவர் எழுப்பி அனுப்பியதையும் கண்டேன். காரணம் கேட்டால் விருந்தினரின் தனிமை என்றார்கள். திண்ணை எந்த விருந்தினருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த முறை தங்கினால் பதினைந்து சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது.