கான்கிரீட்டுக்கும் வயசு உண்டு!

கான்கிரீட் என்றால் சாம்பல் நிறம். அதன் மேல் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பச்சை, ஆங்காங்கே துரு. முடிந்தது வேலை! ஸ்கேல் மாடல் செய்கிற நண்பர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

பி.காம் படிக்கிறவனுக்குப் பெயின்ட் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ஒரு சொத்துக்குத் தேய்மானம் போடும் முன் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "இது எப்போதிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது?" என்பதுதான். மாடலிடமும் அதையே கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நார்மண்டி பதுங்கு குழிகளையே எடுத்துக்கொள்வோம். 1944 ஜூன் 6 காட்சியைச் செய்பவர்கள், இன்றைய சுற்றுலாப் படங்களைப் பார்த்துச் சுவரெல்லாம் பாசியும் கற்பாசியும் பூசிவிடுகிறார்கள். ஆனால் கடற்கரைப் பாதுகாப்புக்கான உத்தரவை ஹிட்லர் பிறப்பித்ததே 1942 மார்ச்சில்தான். லோங் சூர் மேர் என்ற இடத்தில் 150 மி.மீ. பீரங்கிகளுக்காகக் கட்டிய நான்கு கான்கிரீட் கூடுகளுக்கு, சண்டை நடந்த அன்று ஒரு வயதுகூட நிறையவில்லை!

கான்கிரீட் அவ்வளவு சீக்கிரம் கிழடாவதில்லை. புதுக் கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அதனால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடலோரத்தில் உப்பும் கூடவே சேரும். அதன் பிறகுதான் கம்பி துருவேறி, பருத்து, மேல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதற்கெல்லாம் பல வருடங்கள் பிடிக்கும்.

அப்படியானால் புதுச் சுவரில் காட்ட எதுவுமே இல்லையா? நிறையவே இருக்கிறது. முதலில் சென்ட்ரிங் பலகைகளின் தடம். 15 செ.மீ. அகலப் பலகை 1/35 அளவில் சுமார் 4 மி.மீ., 1/72 அளவில் 2 மி.மீ. அடுத்து, ஒரு நாள் கலவைக்கும் மறுநாள் கலவைக்கும் நடுவே தெரியும் படுக்கைக் கோடு. கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அடிப்படைப் பூச்சில் வெறும் சாம்பலைப் பூசாமல் கொஞ்சம் மணல் நிறம் கலந்து, பகுதிக்குப் பகுதி சற்றே மாற்றினால் போதும். அக்ரிலிக் நன்றாகக் காய்ந்த பின் ஆயில் பெயின்டில் சிறு புள்ளி வைத்து, தின்னர் தொட்ட தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுங்கள். மழைநீர் வழிந்த தடம் கிடைக்கும். விரிசல் இருந்தால் அதன் கீழே வெள்ளையாக உப்புப் பூத்ததையும் காட்டலாம். தண்ணீர் போகிற வழியில் மட்டும்தான் கறை. கண்ட இடத்தில் அல்ல.

"பழசாக இருந்தால்தானே பார்க்க அழகு?" என்று கேட்பார்கள். தாராளமாகப் பழசாக்குங்கள். ஆனால் அதன் பக்கத்தில் துப்பாக்கிச் சிப்பாயை நிறுத்தாதீர்கள், கேமரா மாட்டிய சுற்றுலாப் பயணியை நிறுத்துங்கள் :)

இது வெறும் நிற விவகாரம் அல்ல. அந்தச் சுவர்களை எழுப்பியவர்களில், டோட் அமைப்பு கட்டாய வேலைக்கு இழுத்து வந்த தொழிலாளர்களும் கைதிகளும் இருந்தார்கள். பாசி பூசியதும் அது ஏதோ ராஜா காலத்துக் கோட்டை மாதிரி ஆகிவிடுகிறது. புதுக் கான்கிரீட்டில் பலகைத் தடம் பளிச்சென்று தெரியும்போதுதான், நேற்றுவரை யாரோ இங்கே கலவை சுமந்தார்கள் என்பது உறைக்கிறது.

ஆகவே தூரிகையை எடுக்கும் முன் தேதியைப் பாருங்கள் நண்பர்களே. தேதி தெரியாமல் போடுகிற தேய்மானம் கணக்கிலும் தப்பு, மாடலிலும் தப்பு.