சைக்கிளில் போவதும் சைக்கிளிங் போவதும்

மொழியியலில் முதுகலை முடித்து, ஹிஞ்சவடியில் ஒரு நிறுவனத்தின் மொழித்தரவுப் பிரிவில் மூன்றாண்டுகள் பணியாற்றி, அவ்வேலையை விட்டு முழுநேர ஆய்வுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டு ஆண்டுகளில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி ஆய்வைப் பற்றியதன்று. "இப்போது நிறைய நேரம் கிடைக்குமே, தினமும் சைக்கிளிங் போகிறீர்களாமே?" என்பதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் இன்னும் ஹிஞ்சவடிக்குச் சென்று திரும்பும் நண்பர்கள். அவர்கள் குரலில் வாழ்த்தும் ஏக்கமும் கலந்திருக்கும். ஆம், போகிறேன். வாரத்தில் நான்கு நாள் பாணேரிலிருந்து பாஷாண் ஏரிப் பக்கம். நேரம் வாய்த்தால் முள்ஷி சாலையில் இன்னும் சற்றுத் தொலைவு. மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால், மிதிவண்டி ஓட்டுவதற்கு ஒருவர் வேலையை விட்டாக வேண்டும் என்பதை நாம் அனைவரும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டிருப்பது என்னை உறுத்துகிறது. இப்பதிவு அதைப் பற்றியதே.

முதலில் சொற்களைப் பார்ப்போம். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாணேர் சாலையில் இருவகை மிதிவண்டிகளைக் காணலாம். இரவுப்பணி முடித்துத் திரும்பும் அடுக்குமாடிக் காவலர்களும் கட்டடத் தொழிலாளர்களும் ஓட்டும் பழைய வண்டிகள் ஒருவகை. தலைக்கவசமும் ஒளிரும் மேலாடையும் அணிந்த குழுவினரின் விலையுயர்ந்த வண்டிகள் மற்றொருவகை. முதலாமவரைத் தமிழில் "சைக்கிளில் போகிறார்" என்போம். இரண்டாமவரை "சைக்கிளிங் போகிறார்" என்போம். முதல் தொடரைக் கேட்டதும் "எங்கே?" என்று வினவத் தோன்றும்; சென்று சேரும் இடம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவதில் அவ்வினா எழுவதில்லை. போவதே அங்கு நோக்கம். "நடந்து போனார்", "வாக்கிங் போனார்" என்பனவும் இத்தகைய இணையே. பேருந்துக் கட்டணம் மிச்சப்படுத்த இரண்டு கல் தொலைவு நடக்கும் அம்மையாரை எவரும் வாக்கிங் போகிறார் என்று சொல்வதில்லை. உழைப்பின் பகுதியாக நிகழும் உடலசைவைத் தமிழ் உருபோடும் எச்சத்தோடும் சொல்கிறோம். ஓய்வின் பகுதியாக நிகழ்வதை ஆங்கிலப் பெயரால் சொல்கிறோம். இலக்கணத்தில் "இல்" ஒரு வேற்றுமை உருபு. இங்கே அது வர்க்க வேற்றுமைக்கும் உருபாகிவிட்டது.

என் நண்பர்களின் ஏக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதைமரபு உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களுள் ஆதி ஹக்கிம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் ஏறத்தாழ 71,000 கி.மீ. கடந்து 1928 மார்ச்சில் திரும்பினார்கள். சிங்கப்பூரில் பணியிலிருந்த வங்காளியான ராம்நாத் பிஸ்வாஸ் 1931இல் வேலையை உதறிவிட்டு மிதிவண்டியில் உலகப்பயணம் தொடங்கினார். தம் பயணங்களை நூல்களாகவும் எழுதினார். இவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும், இக்கதைகளில் விடுதலை என்பது தனிமனிதர் ஒருவர் துணிந்து வெளியேறுவதாகவே அமைகிறது. வெளியேற இயலாதவர்களைப் பற்றி அவை பேசுவதில்லை. இன்று "வேலையை விட்டேன், வாழத் தொடங்கினேன்" என்று எழுதப்படும் பதிவுகள் அம்மரபின் சிறுவடிவங்களே.

இதற்கு நேரெதிரான கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத்துணையாக நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டினார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் வண்டிகளில் அணிவகுத்துப் புதுக்கோட்டைக்குள் நுழைந்தார்கள். சாய்நாத் அளித்த விவரங்களுள் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது நேரம் பற்றியது. பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுது மிச்சமாயிற்று. விளைபொருளை விற்கக் கூடுதல் ஊர்களுக்குச் செல்ல முடிந்தது. விரும்பினால் ஓய்வுக்கும் நேரம் எஞ்சியது. அப்பெண்கள் எவரும் வேலையை விட்டுவிட்டு மிதிவண்டிக்கு வரவில்லை. வேலையோடும் தண்ணீர்க்குடத்தோடும் பிள்ளைகளோடும் வந்தார்கள். பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவியர் மிதிவண்டித் திட்டத்தைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியரின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததைக் கண்டறிந்தார்கள். தமிழகத்தில் அரசு தந்த மிதிவண்டியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சென்றவள் என்ற முறையில் அவ்வெண் எனக்கு வியப்பளிக்கவில்லை. பேருந்து வரும்வரை நிற்க வேண்டிய முக்கால் மணி நேரத்தை அவ்வண்டி எனக்குத் திருப்பித் தந்தது.

ஆக, புதுக்கோட்டையில் மிதிவண்டி நேரத்தைத் தந்தது. பாணேரிலோ, நேரம் வைத்திருப்பவருக்கே மிதிவண்டி வாய்க்கிறது. ஒரே பொறி எப்படி நேரத்தைத் தருவதிலிருந்து நேரத்தைக் கேட்பதாக மாறியது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தொலைவு காரணமன்று. என் வீட்டிலிருந்து பழைய அலுவலகம் ஏறத்தாழ 10 கி.மீ. நிறுவனப் பேருந்தில் போய்வர நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். 20 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம் என்றால் மணிக்கு 8 கி.மீ. நிதானமாக மிதித்தாலும் மணிக்கு 15 கி.மீ. போகலாம். இவான் இல்லிச் 1970களில், அமெரிக்கர் ஒருவர் காரில் அமர்ந்திருக்கும் நேரத்தையும் அதற்காகச் சம்பாதிக்கும் நேரத்தையும் கூட்டி ஆண்டுக்கு 1,600 மணி என்று கணக்கிட்டார். அதில் அவர் கடப்பது 7,500 மைல். அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. அதுவும் ஏறத்தாழ 8 கி.மீ.தான். இல்லிச்சின் கணக்கை மிகை என்று நினைப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு ஹிஞ்சவடியிலிருந்து புறப்பட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் நான் ஏன் அன்று மிதிவண்டியில் வேலைக்குப் போகவில்லை? இரண்டு முறை போனேன். மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் கனரக வண்டிகளுக்கும் தடுப்புகளுக்கும் இடையே மிதிவண்டிக்கென ஒரு முழ இடமும் இல்லை. ஹிஞ்சவடி-சிவாஜிநகர் மெட்ரோப் பணிக்காகச் சாலை நெடுகிலும் தகரத் தடுப்புகள் நின்ற காலம் அது. ஒருகாலத்தில் மிதிவண்டிகளின் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது புணே. 2017இல் மாநகராட்சி விரிவான மிதிவண்டித் திட்டம் ஒன்றை ஏற்றது, 800 கி.மீ.க்கும் மேற்பட்ட பாதை வலைப்பின்னலை அத்திட்டம் முன்வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழக வளாகத்திலும் ஔந்திலும் வாடகை மிதிவண்டிகள் வந்தன. சில ஆண்டுகளிலேயே அவை காணாமற்போயின. போடப்பட்ட பாதைகளில் பல இடங்களில் இன்று கார்கள் நிற்கின்றன. சில துண்டுகள் மின்கம்பத்தின் முன் வந்து முடிகின்றன. பாதுகாப்பான சாலை இல்லாத ஊரில் மிதிவண்டி, போக்குவரத்துத் தொடங்குமுன் விடியலில் ஓட்டி முடிக்க வேண்டிய பொழுதுபோக்காகச் சுருங்குகிறது. இரவு பத்து மணிக்கு அழைப்பு முடித்துப் படுப்பவரால் அந்த விடியலில் எழ முடியாது. வேறு வழியில்லாத காவலரோ அதே சாலையில் எல்லாப் பொழுதிலும் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறார்.

சாலைக்கு அடுத்தது வேலைநேரம். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று தனி விதி வைத்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடியபோது இங்கே நிலைமை அதுவே. 48 மணி நமக்குச் சட்டமாகத் திரண்டது 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தில்தான். நூறாண்டுகளுக்குப் பிறகு 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி வேலைநாளுக்கு வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் மே நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிர அமைச்சரவை 2025 செப்டம்பரில் தொழிற்சாலைகளில் 9 மணியை 12 ஆகவும், கடைகள், நிறுவனங்களில் 9 மணியை 10 ஆகவும் உயர்த்த ஒப்புதல் அளித்தது. இதே புணேயில் பணியாற்றி 2024இல் இறந்த இளம் பட்டயக் கணக்காளர் ஒருவரின் தாய், மகளின் பணிச்சுமையைப் பற்றி எழுதிய கடிதம் நாடெங்கும் வாசிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே எடுக்கப்பட்ட முடிவு இது.

ஆகவேதான் வேலையை விடுவது ஒன்றே நேரத்துக்கான வழியாகத் தோன்றுகிறது. ஆனால், விட்டால் நேரம் கிடைத்துவிடுகிறதா? "எனக்கு நேரம் கிடைத்தது" என்னும் தொடரில் "நான்" எழுவாயாக நிற்பதில்லை. "எனக்கு" என்று கொடைப்பொருளில்தான் நிற்கிறேன். யாரோ தந்தால் கிடைப்பது அது. கேட்பவர் வந்தால் போய்விடுவதும் அதுவே. நான் வேலையை விட்ட முதல் மாதத்திலேயே சித்தி தொலைபேசியில் சொன்னார்: "நீதான் இப்போ சும்மா இருக்கியே, பாட்டிக்குக் கண் ஆபரேஷன் முடியிற வரைக்கும் வந்து கூட இரேன்டி." போனேன், பாட்டியோடு இருந்தது எனக்கு நிறைவுதான். ஆனால், அதே காலத்தில் வேலையை விட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் அண்ணனை எவரும் "சும்மா இருக்கிறான்" என்று சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அலுவலகம் விடுவிக்கும் நேரத்துக்கு வீடு முன்பதிவு செய்து வைத்திருக்கிறது. அதனால்தான் விடியலில் முள்ஷி சாலையில் காணும் குழுக்களில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆய்வாளர்களாகிய நமக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு என்று கருதுகிறேன். "ஸ்கூல்", "ஸ்காலர்" ஆகிய சொற்களின் வேர் ஓய்வைக் குறிக்கும் "ஸ்கொலே" என்னும் கிரேக்கச் சொல். கிரேக்கர்களின் அந்த ஓய்வு அடிமைகளின் உழைப்பின்மீது நின்றது என்பதையும் நாம் அறிவோம். நம் ஓய்வு எதன்மீது நிற்கிறது? என் காலைப்பொழுதுகளுக்கு அடிப்படை என் துணிவன்று. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட இளநிலை ஆய்வு உதவித்தொகை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகையோ பல ஆண்டுகளாக 8,000 ரூபாயிலேயே நிற்கிறது. அதில் வாழும் சக ஆய்வாளர் மாலையில் தனிப்பயிற்சி வகுப்பெடுக்கிறார், இரவில் மொழிபெயர்க்கிறார். அவரும் "ஸ்காலர்"தான், அவருக்கு ஸ்கொலே இல்லை. எனவே, என் நேரத்தை என் தேர்வின் வெற்றியாகக் காட்டுவது நேர்மையாகாது.

"ஓய்வில் ஓட்டுவது தவறா?" என்று கேட்கலாம். தவறே இல்லை. இலக்கின்றி மிதிப்பதன் இன்பத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த இன்பம் பணித்துறப்பின் பரிசாக மட்டுமே இருக்கக் கூடாது என்பதே என் வாதம். அதற்குத் தேவையானவை பெரிய தத்துவங்கள் அல்ல: பாணேரிலிருந்து ஹிஞ்சவடிவரை அறுபடாத ஒரு பாதை, மாலையில் முடிந்துவிடும் வேலைநாள், உரிய நாளில் வரும், வாழப் போதுமான உதவித்தொகை, வீட்டுவேலையைப் பங்கிடும் ஆண்கள். நம் வளாகங்களிலிருந்தும் தொடங்கலாம். துறைக்கட்டடத்தை ஒட்டிக் கார்களுக்கு நிழற்கூரை இருக்கிறது; துப்புரவுப் பணியாளர்களின் மிதிவண்டிகளோ வெயிலில் சுற்றுச்சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அடுத்த துறைக்கூட்டத்தில் எவரேனும் இதை எழுப்பலாம்.

பொறியாளர் சைக்கிளில் வேலைக்குப் போகவும், காவலர் பணி முடிந்து தூங்கி எழுந்து தம் மகளோடு சைக்கிளிங் போகவும் இயலும் ஊரையே நான் மிதிவண்டிகளின் நகரம் என்பேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். ஹிஞ்சவடிக்குத் தினமும் மிதித்தே போய்வருபவர்கள் எவரேனும் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.