எண்ணெய்க் கிடங்கு அகன்ற நிலம்: கட்டடத்துக்கு முன் மண் பரிசோதனை யார் பொறுப்பு?

புதுதில்லி: குடியிருப்புகளுக்கு அருகில் எரிபொருள் கிடங்கு இருப்பதன் ஆபத்தை, 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் மூண்ட தீ நாட்டுக்கு உணர்த்தியது. கிடங்கை நகருக்கு வெளியே மாற்றிவிட்டால் தீ அபாயம் நீங்கும். பல ஆண்டுகளாக மண்ணுக்குள் கசிந்த எண்ணெய் அங்கேயே தங்கிவிடும்.

இத்தகைய நிலங்களை ஆராய்ந்து தூய்மைப்படுத்துவதற்கான தனி விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில்தான் வெளியிட்டது. அதன்படி, மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் இடங்கள் குறித்து மாவட்ட நிர்வாகம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீட்டையும், அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். செலவு மாசுபடுத்தியவரைச் சேரும்.

முதல் கண்ணியிலேயே சிக்கல் இருக்கிறது. தொட்டிகள் அகற்றப்பட்டு, சுற்றுச்சுவருடன் புல் முளைத்துக் கிடக்கும் மனையைப் பார்த்து எந்த வட்டாட்சியருக்குச் சந்தேகம் எழும்?

மண்ணுக்குள் நடப்பதும் எளிதில் பிடிபடுவதில்லை. பெட்ரோல் நீரைவிட இலேசானது என்பதால் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது படலமும் இறங்கி, வழியெங்கும் மண் துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அந்தப் பகுதி நீருக்குள் மூழ்கிவிடுகிறது. ஒரே பருவத்தில் எடுத்த மாதிரியை நம்பி 'மாசு இல்லை' என்று சான்றளிப்பது, ஆகையால், பொருளற்றது. பழைய தொட்டிகள், குழாய்கள் இருந்த இடங்களை வரைபடத்தில் கண்டறிந்து, அவற்றைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, நீருடன் மண் வாயுவையும் சோதிக்க வேண்டும். பெட்ரோலில் உள்ள பென்சீன் ஆவியாகி, அடித்தள வாகன நிறுத்தத்தின் விரிசல்கள் வழியே கட்டடத்துக்குள் புகக்கூடியது. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரில் பெட்ரோல் வாடையை உணர்ந்த குடியிருப்பாளர்களே. பயன்பாட்டில் இருந்த குழாய்க்கே இந்த நிலை எனில், கைவிடப்பட்ட மனையில் கேட்பார் யார்?

பொறுப்பாளர் யார் என்பதை 90 நாட்களில் கண்டறிய வாரியத்துக்கு விதிகள் அவகாசம் தருகின்றன. ஆனால் கிடங்கு நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டதாக இருந்தால் நிலத்தின் உரிமையாளர், குத்தகைதாரரான எண்ணெய் நிறுவனம், பின்னர் வாங்கிய கட்டுமான நிறுவனம் என மூவர் ஒருவரையொருவர் சுட்டிக்காட்ட வாய்ப்புண்டு. மாசு உறுதியான பின் எத்தனை நாட்களில் தூய்மைப்படுத்தி முடிக்க வேண்டும் என்று கால வரம்பும் வகுக்கப்படவில்லை. நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட 103 மாசடைந்த இடங்களில், விதிகள் வெளியான வேளையில், ஏழில் மட்டுமே சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தது.

அடித்தளம் தோண்டும்போது ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைப்பது வழக்கம். அந்த இறைப்பு, சற்றுத் தொலைவில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் குழியை நோக்கி இழுக்கும். வெளியேற்றப்படும் நீர் நேராக மழைநீர் வடிகாலுக்குப் போகும். பரிசோதனை முடிய வேண்டியது அந்த மோட்டார் ஓடத் தொடங்குவதற்கு முன்பே.