பத்திரத்தில் இல்லாத பெயர்கள்

நெய்வேலி இருக்கும் அதே மாவட்டத்தில், ஸ்ரீமுஷ்ணத்தில் வளர்ந்தவன் நான். மின்சாரத்துக்காக ஊர்கள் காலியான கதைகளைக் கேட்டே வளர்ந்தோம். நிலக்கரி போய்ச் சூரியன் வந்தால் கதை மாறும் என நம்பினேன்.

கமுதியைப் பாருங்கள். 2016இல் அதானி குழுமம் திறந்த 648 மெகாவாட் சோலார் நிலையம். சுமார் 2,500 ஏக்கர். 648 என்பது உச்சி வெயிலின் கணக்கு. இரவும் மேகமும் போக ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 113 கோடி யூனிட். 2015 ஒப்பந்தத்தில் யூனிட் விலை 7.01 ரூபாய்.

இதில் நிலமற்றவருக்கு என்ன? அரசு நிலம் எடுத்தால், மூன்றாண்டு அங்கே உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்டவராக 2013 சட்டம் ஏற்கிறது. கமுதியில் நடந்ததோ கிரயம். பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் மட்டும்தான். களையெடுத்தவர், ஆடு மேய்த்தவர், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர் எவர் பெயரும் அதில் வராது. யார் கையில் பட்டா, யார் கையில் அரிவாள் என்பதைச் சாதிதானே முடிவு செய்தது? 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க வேண்டி வந்ததே அதனால்தான்.

யூனிட்டுக்கு ஐந்து பைசா ஒதுக்கினால் ஆண்டுக்கு ஐந்தரைக் கோடிக்கு மேல் வரும். அடுத்த சோலார் பூங்காவுக்கு அனுமதி தருமுன், சுற்றியுள்ள சேரிகளின் நிலமற்ற குடும்பங்களைத் தமிழ்நாடு அரசு பட்டியல் எடுத்து, அந்தப் பணத்தை அவர்கள் பெயருக்கே எழுத வேண்டும்.