பனிமலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த கையோடு இமயமலைக்குப் புறப்பட வேண்டும் என்று பிள்ளைகள் வீட்டில் அனுமதி கேட்கும் காலம் இது. வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போய்வர அனுமதி கேட்ட தலைமுறையின் மக்கள், இன்று பனியில் நடந்து மலையுச்சி காண வேண்டும் என்கிறார்கள். மேனாம்பேட்டிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலைக்குப் போய்ச் சொந்தமாகப் பொருளீட்டும் இளைஞர்களும் இளம்பெண்களும் நான்கைந்து பேராகச் சேர்ந்து, விடுமுறையையும் பணத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். தந்தை செலவைக் கணக்கிடுகிறார். தாய் ஆபத்தை எண்ணிக் கலங்குகிறாள். பிள்ளையோ, "எல்லாரும் போகிறார்கள்" என்கிறான். மூவர் பேச்சிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆகவே இம்மாதம் இதைக் குறித்து நம் குடும்பங்களோடு சற்று விரிவாகவே சிந்திக்க விரும்புகிறோம்.

முதன்முறை பனிமலைக்குப் போகிறவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது கேதார்காந்தா என்னும் சிகரம். உத்தராகண்ட மாநிலத்தில், உத்தரகாசி மாவட்டத்தில் உள்ளது. உயரம் 12,500 அடி. சென்னையிலிருந்து ரயிலில் தில்லி, அங்கிருந்து தேராதூன், பின்னர் மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் வண்டியில் ஏறி டோன்ஸ் ஆற்றின் கரை வழியாகச் சாங்க்ரி என்ற சிற்றூர். அந்த ஊரே 6,400 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடை தொடங்குகிறது. பைன் மரக் காட்டினூடே ஏறி, ஜூடா கா தாலாப் என்னும் உறைந்த குளத்தின் அருகே ஓர் இரவு. மரங்கள் முடிந்து வெறும் பனிச்சரிவு தொடங்கும் இடத்தில், ஏறத்தாழ 11,000 அடியில், மற்றோர் இரவு. மூன்றாம் நாள் விடியுமுன் மூன்று அல்லது நான்கு மணிக்குப் புறப்பட்டு உச்சிக்கு ஏறுகிறார்கள். வெயில் ஏற ஏறப் பனி இளகிக் கால் புதையும் என்பதால்தான் இந்த வேளை. உச்சியிலிருந்து பந்தர்பூஞ்சு மலையையும், பாண்டவர்கள் விண்ணுலகு ஏறியதாகச் சொல்லப்படும் சுவர்க்காரோகிணி மலையையும் காணலாம். இறைவனின் படைப்பைக் கண்டு வாயடைத்து நிற்கத் தகுந்த காட்சி அது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அங்கே போய் நிற்கும் உடல் நம் ஊர் உடல். மேனாம்பேடு கடல்மட்டத்திலிருந்து நூறு அடி உயரம்கூட இல்லாத சமவெளி. மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறவர்கள். கேதார்காந்தாவின் கூடாரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் உறைநிலைக்கும் பல டிகிரி கீழே போய்விடும். புட்டியில் உள்ள தண்ணீர் மேலிருந்து உறையத் தொடங்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் புட்டியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். தண்ணீர் அங்கே 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அரிசி வேக நெடுநேரமாகிறது. நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இந்த ஒரு செய்தியே அந்த உயரம் எத்தகையது என்பதை உணர்த்திவிடும்.

அந்த உயரத்தில் குளிரைவிடப் பெரிய சோதனை காற்று. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். மலைமேல் காற்றே மெலிந்துவிடுகிறது. கேதார்காந்தா உச்சியில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குகூட இராது. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குக் குறைவான பிராணவாயுவே நெஞ்சுக்குக் கிடைக்கிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். 8,000 அடிக்கு மேல் விரைந்து ஏறுகிறவர்களுக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை வரக்கூடும். இதுவே மலைநோயின் தொடக்கம். இதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டு சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைத்துவிடலாம். இதற்கு மருத்துவ உலகம் கூறும் முதல் மருந்து மிக எளியது: கீழே இறங்கிவிடுவது.

இங்கே பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடல் வலிமை மலைநோயைத் தடுப்பதில்லை. நாள்தோறும் ஓடிப் பயிற்சி செய்யும் கட்டிளங்காளை, தன் வலிமையை நம்பி வேகமாக ஏறித் தலைவலியில் விழுவான். அவனோடு வந்த மெலிந்த பெண்ணோ நிதானமாக நடந்து நலமாக ஏறிவிடுவாள். மலை வேகத்தை மெச்சுவதில்லை. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய அளவில் நடப்பதே அங்கே சரியான நடை.

பனிமலையின் கோபம் குளிர்காலத்தோடு நிற்பதுமில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், அதே உத்தராகண்டத்தில் சகஸ்திர தால் என்னும் உயர்மலை ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. கர்நாடகத்திலிருந்து சென்றவர்களே அக்குழுவில் மிகுதி. 9 பேர் மாண்டனர். எஞ்சிய 13 பேர் மீட்கப்பட்டனர். மீட்புக்கு இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பறந்தன. நம் ஊரில் கத்திரி வெயில் கழிந்த அதே நாட்களில், ஆர்வம் உள்ளவர்கள் அங்கே குளிரால் மாண்டார்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும்போது முதலில் நடுக்கம் வரும். பின்னர் வாய் குழறும், கால் தடுமாறும். அதன் பிறகு நடுக்கமே நின்றுபோகும். நடுக்கம் நின்றதை நலம் என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகு அனுப்பாமலே இருந்துவிடலாமே என்று தாய்மார்கள் கேட்பார்கள். அப்படியும் நாம் சொல்ல மாட்டோம். 2023 மே மாதத்தில் நம் தமிழகத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டு உச்சியில் நின்றார். தமிழ்நாட்டுப் பெண்களுள் அவ்வுச்சியை முதலில் அடைந்தவர் அவரே. சமவெளியில் பிறந்தவர்களுக்கு மலை எட்டாதது என்று இனி யாரும் சொல்ல இயலாது. மேலும், கட்டடங்களுக்கும் கைபேசிக்கும் நடுவே நாளைக் கழிக்கும் பிள்ளை, நான்கு நாட்கள் தன் கால்களாலும் மூச்சாலும் வாழ்ந்து பார்ப்பது நல்ல கல்வியே. ஆகவே அனுப்பலாம். எப்படி அனுப்புகிறோம், என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

பனிமலையில் ஒருவனைத் தவறான அடி எடுத்து வைக்கத் தூண்டுவது பெரும்பாலும் பனியாக இருப்பதில்லை. கட்டிய பணம் வீணாகுமே என்ற எண்ணம். அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தோமே என்ற வெட்கம். உச்சியில் நின்று எடுத்த படம் இல்லாமல் எப்படி ஊர் திரும்புவது என்ற கவலை. கூட வந்தவர்கள் தன்னால் நிற்க நேருமே என்ற கூச்சம். இவை நான்கும் சேர்ந்துதான் தலைவலியை மறைக்கச் சொல்கின்றன. இரவெல்லாம் உறங்காதவனை, "நன்றாக உறங்கினேன்" என்று வழிகாட்டியிடம் பொய் சொல்ல வைக்கின்றன. இந்தச் சுமையில் ஒரு பங்கை வீட்டிலிருந்தே நாம் ஏற்றி அனுப்புகிறோம் என்பதை மறக்கலாகாது. "உச்சிக்குப் போய் எனக்குப் படம் அனுப்பு" என்று தந்தை மகிழ்ச்சியோடு சொல்லும் சொல்லும் பிள்ளையின் முதுகில் ஒரு கட்டளையாக ஏறிக்கொள்ளும்.

நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல பாடங்கள் உண்டு. பிற்காலத்தில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் ஆனவர், இளங்குருவாக இருந்தபோது தேர்ந்த மலையேறி. 1889-ஆம் ஆண்டில், தம் 32-ஆம் வயதில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோந்தே ரோசா சிகரத்தை அதன் கடினமான கிழக்கு முகத்தின் வழியே ஏறினார். உச்சிக்கு அருகில் ஒரு குறுகிய பாறை விளிம்பில், கடுங்குளிரில், தோழர்களோடு ஓர் இரவு முழுவதும் கண்விழித்துக் கழித்தார். மலையை இவ்வாறு அறிந்த அவரே 1923-ஆம் ஆண்டில் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அந்தப் புனிதர் எந்த உச்சியை வென்றார் என்று கேட்டால், எதையும் இல்லை. பதினோராம் நூற்றாண்டில், 8,000 அடி உயரக் கணவாயில், பனியில் வழிதவறிய பயணிகளுக்காக ஒரு விடுதி அமைத்தார். அதன் துறவியர் நூற்றாண்டுகளாகப் பயணிகளைத் தேடிக் காத்தார்கள். அவர்கள் வளர்த்த நாய்கள் இன்றும் அப்புனிதரின் பெயரால் வழங்கப்படுகின்றன. மலையேறுவோருக்குப் பாதுகாவலராக, உச்சியை எட்டியவர் ஒருவர் தரப்படவில்லை. மனிதரை உயிரோடு வீடு திரும்பச் செய்தவர் தரப்பட்டார். இதில் உள்ள ஞானத்தை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

கடவுள் காப்பார் என்று சொல்லிப் போதிய ஆடையின்றிப் புறப்படுவது விசுவாசம் ஆகாது. ஆலயத்தின் முகட்டிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு நம் ஆண்டவர் இணங்கவில்லை என்பது நாம் அறிந்ததே. செபமாலை கழுத்தில் இருக்கட்டும். கையுறையும் கையில் இருக்கட்டும்.

இனி, ஆயத்தம் பற்றிச் சில சொற்கள். இரண்டு மாதங்களுக்கு முன்பே நடை தொடங்க வேண்டும். முந்நூறு அடி உயரமுள்ள பரங்கிமலை நமக்கு வெகு தொலைவில் இல்லை. முதுகில் சுமையோடு அதன் படிகளை வாரந்தோறும் பலமுறை ஏறி இறங்கலாம்; திருத்தலத்தில் செபித்தும் வரலாம். பிறகு தமிழ்நாட்டு மலைகளிலேயே ஒன்றிரண்டைப் பழகிப் பார்ப்பது நலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் மாண்ட துயரத்துக்குப் பின், அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024-இல் வனத்துறை 40 மலைப்பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்துவைத்தது. இமயத்துக்கு முன் அவற்றில் நடந்து பார்க்கட்டும்.

ஆடையில், உடலை ஒட்டிப் பருத்தி உடுப்பு கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடலைக் குளிர வைத்துவிடும். கம்பளியும் செயற்கை இழையுமாக அடுக்கடுக்காக அணிந்து, ஏறும்போது ஒன்றைக் கழற்றி, நிற்கும்போது மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். புதுப்பனி வெயிலைக் கண்ணாடிபோல் திருப்பி அடிப்பதால் கறுப்புக் கண்ணாடி இன்றியமையாதது. இல்லையெனில் கண் கூசிச் சிவந்து சில மணி நேரத்தில் பார்வையே தடைப்படும். விரல்கள் மரத்துப்போனால் பனியைக் கொண்டோ கையைக் கொண்டோ தேய்க்கக் கூடாது. இதயக் கோளாறு, ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது. மலைநோய்க்கான மாத்திரையும் அவர் சொன்னாலன்றி வேண்டாம்.

அழைத்துச் செல்லும் நிறுவனத்திடம் பெற்றோரே சில கேள்விகள் கேட்கலாம். அது பிள்ளைக்கு அவமானமன்று. வழிகாட்டிக்கு மலையில் முதலுதவிப் பயிற்சி உண்டா? பிராணவாயு உருளை கொண்டுபோகிறார்களா? வனத்துறை அனுமதி பெற்றாயிற்றா? ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு இறங்க ஆள் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். சாங்க்ரிக்கு அப்பால் கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. மூன்று நான்கு நாட்கள் குரல் கேளாமல் இருக்கும் என்பதை வீட்டாரும் அறிந்து அமைதியாயிருக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நம் பிள்ளைகளின் கூடாரத்தையும் அரிசியையும் மண்ணெண்ணெயையும் சுமந்து அவர்களுக்கு முன்னே மேலேறிப்போகிறவர்கள் அந்த மலையூர்களின் ஏழை உழைப்பாளர்கள். அவர்களுக்கும் நல்ல காலணியும் படுக்கையும் கிடைக்கின்றனவா என்று பார்ப்பதும், நன்றி சொல்வதும், தான் கொண்டுபோன குப்பையைத் தானே கீழே கொண்டுவருவதும் நம் பிள்ளைகளின் கடமை. பனியில் போட்ட உறையைப் பனி தின்பதில்லை. கோடையில் அது அவ்வூரார் குடிக்கும் ஓடையில் வந்து சேரும்.

அன்புப் பெற்றோரே, வழியனுப்பும் நாளில் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு ஆசீர் அளிக்கும்போது இந்த ஒன்றையும் சொல்லுங்கள்: "நீ உச்சியைத் தொடாமல் வந்தாலும் இந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். தலை வலித்தால் சொல். வழிகாட்டி திரும்பு என்றால் திரும்பு. உன் தோழன் தளர்ந்தால் அவனோடு இறங்கு." இவ்வளவு சொல்லியாயிற்று என்றால் அந்த நான்கு சுமைகளில் பாதி பிள்ளையின் முதுகிலிருந்து இறங்கிவிடும். மலை எங்கும் போய்விடாது. அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பிள்ளையும் இருக்க வேண்டும்.